பைசாவின் சாய்ந்த கோபுரம்: வரலாறும் வருகையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைசா கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டது?

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், ஆர்னோ ஆற்றின் கரையில் உள்ள பைசா நகரப் பேராலயத்தின் மணிக்கோபுரம் இது. தனியாக நிற்பதால் பலர் இதைத் தனிக் கட்டடம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பேராலயம், திருமுழுக்குக் கூடம், மணிக்கோபுரம், நினைவுக் கல்லறை மண்டபம் ஆகிய நான்கும் ஒரே புல்வெளியில் அமைந்த ஒரே வளாகத்தின் உறுப்புகள். பேராலயத்தின் பணி 1060களில் புஸ்கெத்தோ என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் தொடங்கியது. திருமுழுக்குக் கூடம் 1152இலும், மணிக்கோபுரம் 1173இலும், கல்லறை மண்டபம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் தொடங்கப்பட்டன.

அக்காலத்தில் பைசா ஒரு கடல் வல்லரசு. மத்தியதரைக் கடல் வாணிகத்தாலும் கடற்போர்களாலும் குவிந்த செல்வமே இந்த வெண்ணிறக் கட்டடங்களாக எழுந்தது. செல்வர்கள் மட்டும் அதற்குப் பொருள் தரவில்லை. பெர்தா என்ற கைம்பெண் 1172இல் எழுதிய உயிலில், மணிக்கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்கென்று அறுபது சொல்தி நாணயங்களை விட்டுச் சென்றார். கோபுரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் அதுவும் ஒன்று.

இதைக் கட்டியவர் யார்?

முதல் கட்டப் பணி நீண்ட காலம் போனன்னோ பிசானோ என்பவரின் பெயரில் சொல்லப்பட்டு வந்தது. திருமுழுக்குக் கூடத்தைக் கட்டிய டியோட்டிசால்வியே இதையும் வடிவமைத்தார் என்று கருதுவோரும் உண்டு. இந்த விவாதம் இன்னும் தீரவில்லை. பிற்காலப் பணிகளில் ஐயமில்லை. 1272இல் வேலையை மீண்டும் தொடங்கியவர் ஜொவான்னி டி சிமோனே. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உச்சியிலுள்ள மணிக்கூடத்தைக் கட்டி முடித்தவர் தொம்மாசோ பிசானோ.

கோபுரம் ஏன் சாய்ந்தது?

குறை கல்லிலும் இல்லை, கட்டுமானத்திலும் இல்லை. அது மண்ணில் இருக்கிறது. பைசா நகரம் ஆறுகளும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் படிவத்தின்மேல் அமைந்தது. கோபுரத்துக்குக் கீழே முதல் பத்து மீட்டர் அளவுக்கு மணலும் வண்டலும் களியும் கலந்த அடுக்கு உள்ளது. அதற்கும் கீழே, ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை, கடல் படிவமான மென்களிமண் இருக்கிறது. இந்தக் களிமண் நீர் நிறைந்தது. பாரம் ஏறினால் மெல்ல மெல்ல அழுந்தும் தன்மையுடையது. ஏறத்தாழ 14,500 டன் எடையுள்ள கோபுரத்தை இந்த மண்ணின்மேல் நிறுத்தியவர்கள், அதன் கடைக்காலை மூன்று மீட்டர் ஆழத்துக்கு மட்டுமே தோண்டினார்கள். மேலடுக்கு மண் எல்லாப் பக்கமும் ஒரே உறுதியுடன் இல்லாததால், ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக அழுந்தியது.

ஆனால் மண் மென்மையாக இருந்ததாலேயே எல்லாம் நிகழ்ந்துவிடவில்லை. மென்மையான தரையில் உயரமான ஒரு பொருளை நிறுத்தி, அதன் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு மிகச் சிறிய சாய்வும் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். சாய்வு கூடும்போது எடை அந்தப் பக்கம் குவியும்; எடை குவியும்போது மண் மேலும் அழுந்தும்; அதனால் சாய்வு இன்னும் கூடும். பைசா கோபுரம் தன் வரலாற்றின் பெரும்பகுதியை இந்தச் சுழலின் விளிம்பிலேயே கழித்திருக்கிறது.

கட்டும்போதே சாய்ந்ததா, கட்டிய பிறகா?

கட்டும்போதே சாய்ந்தது. இதில் பலரும் அறியாத ஒரு செய்தி என்னவென்றால், அது முதலில் சாய்ந்த திசை இன்று நாம் காணும் தெற்கு அன்று, வடக்கு. கல் வரிசைகளின் தடிப்பை அளந்து பார்த்த பொறியாளர்கள், அக்காலக் கொத்தர்கள் சாய்வைக் கண்டதும் தாழ்ந்த பக்கத்தில் சற்று உயரமான கற்களை வைத்து அடுத்த தளத்தை நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று கண்டறிந்தார்கள். அந்தத் திருத்தங்களைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனால், கோபுரம் எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்ற வரலாறே கிடைத்துவிடுகிறது. எழுத்தில் பதிவாகாத ஒன்றைக் கல்லே காத்து வைத்திருப்பது இந்தக் கோபுரத்தின் பெருமைகளுள் முதன்மையானது என்பது என் கருத்து.

இந்தத் திருத்தங்களின் விளைவாகக் கோபுரம் நேர்கோட்டில் இல்லை. மிக மெல்லிய வளைவு ஒன்று அதில் உண்டு. உச்சி மணிக்கூடத்துக்கு ஏறும் படிகளைப் பாருங்கள். தென்புறம் ஆறு படிகள் இருக்கும். வடபுறம் நான்கே படிகள் இருக்கும். தொம்மாசோ பிசானோ தன் காலத்துச் சாய்வை ஈடுகட்டச் செய்த ஏற்பாடு அது.

ஒரு மணிக்கோபுரத்தைக் கட்டி முடிக்க ஏன் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின?

வேலை மூன்று கட்டங்களாக நடந்தது. 1173இல் தொடங்கிய பணி, நான்காம் தளத்தை எட்டிய நிலையில் 1178 அளவில் நின்றது. பைசா அண்டை நகர அரசுகளுடன் தொடர்ந்து போர்களில் ஈடுபட்டிருந்த காலம் அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து 1272இல் மீண்டும் தொடங்கி, 1278இல் ஏழாம் தளத்தை அடைந்தபோது மறுபடியும் நின்றது. 1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவாவிடம் பைசா படுதோல்வி அடைந்தது; அதன் கடல் ஆதிக்கம் அத்துடன் சரியத் தொடங்கியது. மணிக்கூடம் எழுந்து பணி நிறைவடைந்தபோது 1370களின் தொடக்கம் ஆகிவிட்டது.

இந்த இடைவெளிகளை வரலாற்றின் விபத்து என்று மட்டும் கடந்துவிட முடியாது; கோபுரம் இன்று நிற்பதற்கே அவைதாம் காரணம். மென்களிமண்ணின்மேல் பாரம் ஏறும்போது அதிலுள்ள நீர் மெல்லக் கசிந்து வெளியேறி, மண் இறுகி, வலுப்பெறும். அதற்குப் பல்லாண்டுகள் தேவை. முதல் கட்டத்திலோ இரண்டாம் கட்டத்திலோ நிறுத்தாமல் கட்டிக்கொண்டே போயிருந்தால், மண் அந்த எடையைத் தாங்காமல் கோபுரம் அப்போதே சரிந்திருக்கும் என்பதை நவீன மண் பொறியியல் கணக்குகள் காட்டுகின்றன. பணம் இன்மையும் போரும் சேர்ந்து, எந்தக் கட்டடக் கலைஞரும் அன்று அறிந்திராத அந்தக் கால அவகாசத்தை மண்ணுக்குத் தந்தன.

அதன் உயரம், அமைப்பு, சாய்வு அளவு என்ன?

தாழ்ந்த பக்கத்தில் உயரம் 55.86 மீட்டர், உயர்ந்த பக்கத்தில் 56.67 மீட்டர். உள்ளே வெற்றிடமாக உள்ள உருளை வடிவம். அதைச் சூழ்ந்த தடித்த சுவருக்குள் சுருள் படிக்கட்டு செல்கிறது. தரைத்தளத்தில் சுவரோடு ஒட்டிய 15 தூண்கள், அதற்குமேல் ஆறு தளங்களில் தளத்துக்கு 30 தூண்களாகத் திறந்த நடைமாடங்கள், உச்சியில் ஏழு மணிகள் தொங்கும் மணிக்கூடம் என மொத்தம் எட்டுத் தளங்கள். மிகப் பெரிய மணி 17ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டது. மூன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது.

சாய்வைப் பொறுத்தவரை, வெவ்வேறு நூல்களில் 4 டிகிரி என்றும் 5 டிகிரி என்றும் காண்பீர்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. கோபுரம் வளைந்திருப்பதால், அடித்தளத்தின் சாய்வை அளந்தால் ஏறத்தாழ 5 டிகிரியும், அடியிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தச் சாய்வைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4 டிகிரியும் வருகின்றன. உச்சி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் விலகி நிற்கிறது.

உலகிலேயே மிக அதிகமாகச் சாய்ந்த கோபுரம் இதுதானா?

இல்லை. ஜெர்மனியின் சுர்ஹூசன் ஊரில் உள்ள 27 மீட்டர் உயரமுள்ள தேவாலயக் கோபுரம் 5 டிகிரிக்கும் மேல் சாய்ந்துள்ளது. பைசா நகரத்திலேயே சான் நிக்கோலா, சான் மிகேலே ஆகிய தேவாலயங்களின் மணிக்கோபுரங்களும் சாய்ந்தே நிற்கின்றன. அங்கும் மண் அதே மண்தான்.

கலிலியோ உண்மையிலேயே இங்கிருந்து குண்டுகளை வீழ்த்தினாரா?

கலிலியோ 1564இல் இந்த நகரத்தில் பிறந்தார். 1589 முதல் 1592 வரை இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். இவை உறுதியான செய்திகள். எடை வேறுபட்ட பொருள்களைக் கோபுர உச்சியிலிருந்து வீழ்த்திக் காட்டினார் என்ற கதை, அவருடைய முதுமையில் உடனிருந்த மாணவர் வின்சென்சோ விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அந்த நிகழ்ச்சியை நேரில் கண்டவர் எழுதிய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பெரும்பாலான அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அதை ஐயத்துடனே நோக்குகிறார்கள். அதே வகைச் சோதனையை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஈயக் குண்டுகளைக் கொண்டு செய்து, 1586இலேயே எழுதி வெளியிட்டவர் சைமன் ஸ்டெவின். பள்ளிப் பாடங்களில் பைசா பெற்ற இடத்தில் ஒரு பங்கு அவருக்கும் சேர வேண்டும்.

கோபுரத்தை நிமிர்த்த எடுத்த முயற்சிகள் ஏன் தோல்வியடைந்தன?

1838இல் அலெஸ்ஸாந்த்ரோ கெரார்தெஸ்கா என்ற கட்டடக் கலைஞர், மண்ணுக்குள் புதைந்துபோன தூண்களின் அடிப்பகுதியை மக்கள் காணும்படி கோபுரத்தைச் சுற்றிப் பள்ளமான ஒரு நடைபாதையைத் தோண்டினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் தென்புறத்தில் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே தோண்டியதால் நீர் பெருகி வந்தது. கோபுரம் ஏறத்தாழ அரை மீட்டர் தெற்கே சரிந்தது.

1934இல் முசோலினியின் ஆட்சி, கோபுரம் சாய்ந்து நிற்பது நாட்டுக்குப் பெருமையில்லை என்று கருதி அதை உறுதிப்படுத்த உத்தரவிட்டது. அடித்தளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட துளைகளைப் போட்டுச் சிமெண்ட் கரைசலைச் செலுத்தினார்கள். கோபுரம் மறுபடியும் தெற்கே நகர்ந்தது. இரு முயற்சிகளிலும் ஒரே தவறு நிகழ்ந்தது: தாழ்ந்து அழுந்திக்கொண்டிருந்த பக்கத்தின் மண்ணைக் கலைத்தார்கள். சமநிலையின் விளிம்பில் நிற்கும் கட்டடம் அந்தச் சிறு கலைப்பையும் தாங்காது.

1990இல் கோபுரம் ஏன் மூடப்பட்டது?

1989 மார்ச் மாதம், வட இத்தாலியின் பாவியா நகரத்தில் இருந்த இடைக்கால மணிக்கோபுரம் எந்த முன்னறிவிப்பும் இன்றி இடிந்து விழுந்து நால்வர் இறந்தனர். அது சாய்ந்த கோபுரம்கூட அன்று. அந்த அதிர்ச்சி, அரசின் பார்வையைப் பைசாவின் பக்கம் திருப்பியது. அப்போது பைசா கோபுரத்தின் அடித்தளம் 5.5 டிகிரி சாய்ந்திருந்தது. சாய்வு ஆண்டுதோறும் கூடியும் வந்தது. சாய்வு மட்டுமே கவலை அன்று. தென்புறச் சுவரின் கற்களில் அழுத்தம் மிகுந்து, இரண்டாம் தளத்துக்கு அருகே சுவர் வெடித்துச் சிதறும் ஆபத்தும் இருந்தது. 1990 ஜனவரி 7 அன்று கோபுரம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

பிறகு அதை எப்படிக் காப்பாற்றினார்கள்?

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. மிகேலே யமியோல்கோவ்ஸ்கி என்ற மண் பொறியியல் பேராசிரியரின் தலைமையில் பன்னாட்டு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் ஜான் பர்லண்ட் அதில் முக்கியப் பங்காற்றினார். பொறியாளர்களுடன் கலை வரலாற்று வல்லுநர்களும் அதில் இடம்பெற்றிருந்தார்கள். கோபுரத்தின் தோற்றத்தை மாற்றும் எந்தத் தீர்வையும் ஏற்பதில்லை என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

முதலில் கல் வெடிப்பைத் தடுக்க இரண்டாம் தளத்தின் அருகே உறையிட்ட மெல்லிய எஃகுக் கம்பிகளைச் சுற்றினார்கள். 1993இல் வடபுறத்து அடித்தளத்தின்மேல் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். அழகைக் கெடுக்கும் ஏற்பாடுதான் அது. ஆனால் நூற்றாண்டுகளாகத் தெற்கே போய்க்கொண்டிருந்த கோபுரம் முதன்முறையாகச் சற்று வடக்கே திரும்பியது.

ஈயக் கட்டிகளுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நங்கூரங்களை அமைக்க 1995இல் முயன்றார்கள். தோண்டும்போது நீர் புகாமலிருக்கத் திரவ நைட்ரஜனைச் செலுத்தி மண்ணை உறையவைத்தார்கள். ஓராண்டில் நகரக்கூடிய தொலைவைக் கோபுரம் அப்போது ஒரே இரவில் தெற்கே நகர்ந்தது. வேலையை உடனே நிறுத்தி, மேலும் ஈயத்தை ஏற்றி அதைப் பிடித்து நிறுத்தினார்கள்.

இறுதியாகக் கைக்கொண்ட வழி, பெர்னான்டோ டெர்ராசினா என்ற இத்தாலியப் பொறியாளர் 1962இலேயே முன்வைத்த யோசனை. தாழ்ந்த பக்கத்தை உயர்த்த முயலாமல், உயர்ந்த பக்கத்துக்கு அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் தானாக இறங்கும். எதிர்பாராத அசைவு ஏற்பட்டால் பிடித்து நிறுத்துவதற்காக நீண்ட எஃகு வடங்களைக் கோபுரத்தில் முன்கூட்டியே கட்டினார்கள். பின்னர் வடபுறத்தில் சாய்வாகத் துளைக்குழாய்களைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் சில லிட்டர் அளவு மண்ணை மட்டும் எடுத்து, கோபுரம் எப்படி அசைகிறது என்று அளந்து, அதன்பின்னரே அடுத்த நாளின் அளவை முடிவு செய்தார்கள். 1999 தொடங்கி 2001 வரை இவ்வாறு எடுத்த மொத்த மண் ஏறத்தாழ 38 கன மீட்டர்தான். உச்சி ஏறத்தாழ 45 செ.மீ. வடக்கே திரும்பியது, அடித்தளத்தின் சாய்வு அரை டிகிரி குறைந்தது. வெறும் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. அந்த அளவோடு நிறுத்தியது குழுவினரின் தொழில் நேர்மையைக் காட்டுகிறது.

2001 டிசம்பர் 15 அன்று கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்த பிறகு, அசைவு நின்றுவிட்டது என்றும் இன்னும் குறைந்தது முந்நூறு ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்றும் பொறியாளர்கள் அறிவித்தார்கள்.

நிலநடுக்கங்களில் அது ஏன் விழவில்லை?

1280 முதல் குறைந்தது நான்கு வலிமையான நிலநடுக்கங்களை இந்தக் கோபுரம் கடந்துள்ளது. கோபுரம் உயரமும் விறைப்பும் உடையது. அதன் அடியிலுள்ள மண்ணோ மிக மென்மையானது. இவ்விரண்டின் சேர்க்கையால், கோபுரத்தின் இயல்பான அதிர்வு வேகம் நிலநடுக்கத்தின் அதிர்வு வேகத்தோடு பொருந்தாமல் விலகிவிடுகிறது என்று 2018இல் ரோமா திரே, பிரிஸ்டல் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சாய்த்த அதே மண்ணே நிலநடுக்கத்தின்போது காவலாகவும் இருந்திருக்கிறது.

கோபுரத்தின் உள்ளே ஏறலாமா? குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

ஏறலாம். குறிப்பிட்ட நேரத்துக்கான நுழைவுச்சீட்டு பெற வேண்டும். ஒரு நேரத்தில் சிறு குழுவை மட்டுமே அனுமதிக்கிறார்கள். கோடை மாதங்களில் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுவதால், வளாகத்தை நிர்வகிக்கும் அமைப்பின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. எட்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அதற்கு மேற்பட்ட சிறுவர்கள் பெரியவர்களுடன்தான் ஏற வேண்டும். பைகளைப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

மின்தூக்கி கிடையாது. முந்நூறுக்குச் சற்றே குறைந்த பளிங்குப் படிகள் நூற்றாண்டுகளின் காலடியால் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. மழை நாளில் வழுக்கும். இதய நோயோ மூட்டு வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் கீழேயே நின்று ரசிப்பது நல்லது. ஏறுபவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஓர் அனுபவம் உண்டு. சுருள் படிகளில் சுற்றி ஏறும்போது, ஒரு பக்கம் உடல் சுவரோடு சாய்கிறது. அரைச் சுற்று கழிந்ததும் மறுபக்கம் தள்ளப்படுகிறது. சில படிகள் கடினமாகவும் சில படிகள் இறக்கம்போல எளிதாகவும் தோன்றுகின்றன. கோபுரம் சாய்ந்திருப்பதைக் கண்ணால் காண்பதற்கும் உள்ளங்கால்களால் உணர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இயன்றவர்கள் ஏறாமல் திரும்பக் கூடாது என்றே சொல்வேன்.

கோபுரத்தைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கைகளால் கோபுரத்தைத் தாங்குவதுபோல ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் பேருந்துக்குத் திரும்பிவிடும் பயணிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் இந்த வளாகம் முழுவதையும் 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பேராலயத்தின் உள்ளே ஜொவான்னி பிசானோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய பளிங்குப் பிரசங்க மேடை உள்ளது. திருமுழுக்குக் கூடத்தில் அவருடைய தந்தை நிக்கோலா பிசானோ 1260இல் முடித்த மேடை உள்ளது. பண்டைய ரோமானியச் சிற்பங்களைக் கூர்ந்து கற்ற ஒருவரின் கை அதில் தெரிகிறது. தந்தையின் நிதானத்தையும் மகனின் வேகத்தையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. திருமுழுக்குக் கூடத்தின் எதிரொலியும் புகழ்பெற்றது. காவலர் அவ்வப்போது நடுவில் நின்று சில சுரங்களைப் பாடிக் காட்டுவார். ஒருவர் பாடியது பலர் சேர்ந்து பாடுவதுபோல் குவிமாடத்தில் அடுக்கடுக்காக ஒலிக்கும்.

கம்போசாந்தோ எனப்படும் கல்லறை மண்டபத்தின் சுவரோவியங்கள் 1944 ஜூலையில் போரின்போது விழுந்த குண்டால் பெரிதும் சிதைந்தன. கூரையின் ஈயம் உருகிச் சுவர்களில் வழிந்தது. கோபுரத்துக்கு அன்று தீங்கு நேரவில்லை. அந்த ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துச் சீரமைத்து மீண்டும் பொருத்தும் பணி பல பத்தாண்டுகள் நடந்தது. மரணத்தின் வெற்றி என்ற பேரோவியம் 2018இல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. கூட்டம் குறைவாக உள்ள இடமும் இதுவே.

எப்போது, எப்படிச் செல்வது?

பிளாரன்ஸ் நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மத்திய நிலையத்தில் இறங்கினால் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகரத்தின் ஊடே அரை மணிக்கும் குறைவாக நடக்க வேண்டும். சான் ரொசோரே என்ற சிறு நிலையம் கோபுரத்துக்கு மிக அருகில் உள்ளது. கலிலியோவின் பெயர் தாங்கிய விமான நிலையமும் நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

காலையில் பேருந்துக் குழுக்கள் வருவதற்கு முன்போ, மாலையில் அவை திரும்பிய பின்போ செல்லுங்கள். ஜூன் நடுவில் செல்ல முடிந்தால், 16ஆம் தேதி இரவு நகரத்தின் காவல் புனிதரான ரனியேரியின் திருநாளுக்கு முந்தைய விழாவைக் காணலாம். ஆர்னோ கரையிலுள்ள மாளிகைகளின் முகப்பு முழுவதும் மெழுகு விளக்குகள் ஏற்றுவார்கள். கோபுரத்தின் மாடங்களிலும் எண்ணெய் விளக்குகள் எரியும். அந்த நாளில் தங்குமிடம் கிடைப்பது அரிது. பல வாரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மற்ற நாட்களில், கோபுரம் ஏறுவதற்கும் மற்ற மூன்று கட்டடங்களைப் பொறுமையாகப் பார்ப்பதற்கும் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.